புது ஹெட்ஃபோன் ‘செட்’ ஆக நூறு மணி நேரம் ஓட வேண்டுமா?

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை கொல்லத்தில் ஒரு கடையில் வயர் வைத்த ஹெட்ஃபோன் வாங்கினேன். மூவாயிரத்துச் சொச்சம். லீவு நாளில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பாஸ் (தாழ்ந்த சுரம்) கம்மியாக இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் மந்தமாகவும் தெரிகிறது. கடைக்காரருக்கு போன் போட்டேன். ‘நூறு மணி நேரம் ஓடினால்தான் செட் ஆகும், எல்லாம் சரியாகிவிடும். இரைச்சல் ஃபைல் ஒன்று அனுப்புறேன், அதைப் போட்டு நாலு நாள் அலமாரியில் வெச்சிரு, அதுவரை கேட்காதே’ என்கிறார். அப்படிச் செய்ய வேண்டுமா?”

வேண்டாம் தம்பி. அலமாரியில் வைக்காதீர்கள். இன்றைக்கே போட்டுக் கேளுங்கள். ஓட ஓட ஹெட்ஃபோனின் ஒலி மாறும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் அந்தத் துளி காதுக்கு எட்டுகிற அளவு இல்லை. உங்கள் கேள்வியில் பாஸைவிட எனக்குக் கவலை தருவது அந்த இடது பக்கத்து மந்தம்தான். அதையும் ஓட்டிச் சரிசெய்யலாம் என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் தவறு. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் பில்லை எடுத்து, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து வையுங்கள்.

நான் செங்கோட்டையில் ஸ்பீக்கர், ஆம்ப், மைக்செட் ரிப்பேர் கடை வைத்து 26 வருடம் ஆகிறது. இந்தப் பக்கம் தென்காசி வரைக்கும், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் ஆட்கள் வருவார்கள். ‘செட் ஆகணும்’ என்ற பேச்சைத் தமிழிலும் கேட்டிருக்கிறேன், மலையாளத்திலும் கேட்டிருக்கிறேன். அது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. பெரிய ஸ்பீக்கர் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களிடமிருந்து போனதுதான். அங்கே அது நிஜம். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுவாரம் என் கடையில் காயில் (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) எரிந்த ஊஃபர்கள், அதாவது தாழ்ந்த சுரத்துக்கான பெரிய ஸ்பீக்கர்கள், வந்து அடுக்கும். முன்னால் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கூம்பைக் கோன் என்போம்; பழைய கோனைக் கிழித்து எடுப்போம். காந்தத்தின் இடுக்கில் இருக்கிற இரும்புத் துகளையும் தூசியையும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுப்போம். பிறகு புதுக் காயிலை இறக்கி, அது எந்தப் பக்கமும் உரசாமல் நட்டநடுவில் நிற்பதற்காக, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றாக வெட்டிச் சுற்றிலும் சொருகுவோம். ஸ்பைடரை ஒட்டி, கோனை ஒட்டி, பசை காய ஒரு நாள் விடுவோம். மறுநாள் ஃபிலிமை உருவிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் வைத்து மெல்ல அமுக்கினால் கோன் விறைப்பாக எதிர்த்து நிற்கும். காரணம், கோனையும் காயிலையும் பின்னாலிருந்து தாங்குகிற அந்த ஸ்பைடர். அது பிசினில் தோய்த்து, மடிப்பு மடிப்பாகச் சூட்டில் அழுத்திய துணி. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி முதல் தடவை கட்டும்போது எப்படி நிற்கும்? அந்த மாதிரி. தாழ்ந்த சுரம் ஒன்றைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆடவிட்டால் மடிப்பு இளகும். மறுபடி அமுக்கிப் பார்த்தால் கைக்கே வித்தியாசம் தெரியும்.

இந்த இளக்கத்தை அளக்கவும் முடியும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும்தான் இன்றைக்கும் ஸ்பீக்கர் பெட்டி செய்கிற எல்லாருக்கும் கணக்குப் பாடம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தானாக அதிர விரும்புகிற ஒரு அதிர்வெண் உண்டு. கோனின் எடையும் அதைத் தாங்குகிற பாகத்தின் இளக்கமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இளக்கம் 20 சதவீதம் கூடினால் அந்த அதிர்வெண் ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கும். ஆனால் அதே ஸ்பீக்கரைப் பெட்டியில் பூட்டிவிட்டால், பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்காக நின்று கோனைப் பிடித்துக்கொள்ளும். துணி இளகியதால் வந்த மாற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே அமுங்கிப் போகும். கைக்குத் தெரிந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாமல் போவது அதனால்தான். 15 அங்குல ஊஃபரிலேயே நிலைமை இது.

இப்போது உங்கள் ஹெட்ஃபோனுக்கு வாருங்கள். அதற்குள் ஸ்பைடரே கிடையாது. 40 மில்லிமீட்டர் அகலத்தில், பிளாஸ்டிக் பை கனத்தில் ஒரு மெல்லிய சவ்வு. அதன் முதுகில் தலைமுடி போன்ற கம்பியில் சுற்றிய காயில் நேராக ஒட்டியிருக்கும். சவ்வின் ஓரத்து வளைவுதான் ஸ்பிரிங். கஞ்சி போட்ட துணி எதுவும் இல்லை, இளகுவதற்கு. அசைவும் மிகக் குறைவு. ஊஃபர் கோன் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் போய் வருவதைத் தள்ளி நின்றே பார்க்கலாம். இந்தச் சவ்வின் அசைவு மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு. கொடைக்கு நாங்கள் ஒரு பெட்டிக்கு நூற்றுக்கணக்கான வாட் கொடுக்கிறோம். பெரும்பாலான ஹெட்ஃபோனுக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே காது கூசுகிற சத்தம் வந்துவிடும்.

சரி, அந்தச் சவ்வும் கொஞ்சம் இளகியது என்றே வைத்துக்கொள்வோம். காதை நன்றாக மூடியிருக்கும் ஹெட்ஃபோனில் தாழ்ந்த ஒலியின் அளவு சவ்வு எவ்வளவு இளக்கமோ அவ்வளவுதான் கூடும். இளக்கம் 5 சதவீதம் கூடினால் பாஸ் 0.4 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்கிற அலகு) கூடும். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்கூட அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம். நாலு நாள் இடைவெளி விட்டு நினைவில் வைத்து ஒப்பிட ஒருவராலும் ஆகாது.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஹெட்ஃபோன்களை அளந்து எழுதுவதில் பெயர் பெற்ற டில் ஹெர்ட்சன்ஸ் என்ற அமெரிக்கர் 2011-இல் ஏகேஜி க்யூ701 என்ற மாடலை மணிக்கணக்கில் ஓடவிட்டு, நடுநடுவே அளந்து பார்த்தார். மாற்றம் இருக்கிறது என்றே எழுதினார். ஆனால் மிகச் சிறியது. மைக், இயர்ஃபோன் செய்கிற ஷ்யூர் நிறுவனம் 1997-இல் வெளிவந்த தன்னுடைய இ1 இயர்ஃபோன்களில், வருடக்கணக்காக உழைத்த சிலவற்றை மறுபடி எடுத்து அளந்திருக்கிறது. ஆலையை விட்டு வந்தபோது இருந்த அதே அளவுதான் என்று சொல்லியிருக்கிறது.

“அப்படியென்றால் என் நண்பன் பொய் சொல்கிறானா? ஒரு மாதம் கழித்து ஹெட்ஃபோன் அருமையாக ஆகிவிட்டது என்கிறானே” என்று நீங்கள் கேட்கலாம். பொய் இல்லை. அவர் கேட்டது நிஜம். மாறியது எது என்பதில்தான் சிக்கல்.

என் மருமகள் புனலூர். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேசுகிற மலையாளம் எனக்கு வண்டி போகிற வேகத்தில் கேட்கும். அப்பா அம்மாவிடம் போனில் பேசினால் ஒரு வார்த்தை பிடிபடாது. இத்தனைக்கும் 1956 நவம்பர் 1 வரை இந்தச் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மலையாளத்தில் வாய்தா வாங்கினவர்கள். இரண்டு மாதம் போனது. ஒரு நாள் சமையற்கட்டில் அவள் பேசிக்கொண்டிருக்க, நான் முற்றத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. என் காதுக்குத்தான் அந்தப் பேச்சு இருக்கிற இருப்பு தெரிந்துவிட்டது. அவள் பேச்சு ‘செட்’ ஆகிவிட்டது என்று நான் சொன்னால் எப்படி?

காதுக்கும் மூளைக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1998-இல் நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாஃப்மன், வான் ஆப்ஸ்டல் குழுவினர் நாலு பேருடைய காது மடலின் குழிவுகளில் சின்ன அச்சுகளைப் பொருத்தினார்கள். மடலின் வடிவம் மாறியதும், ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. அச்சோடேயே நடமாடவிட்டார்கள். சில வாரங்களில் புதுக் காதுக்குப் பழகி மறுபடி சரியாகச் சொன்னார்கள். அச்சைக் கழற்றியதும் பழைய காதும் மறக்கவில்லை. மடலில் ஒரு சின்ன அச்சு ஏற்படுத்துகிற மாற்றத்தையே மூளை கற்றுக்கொள்கிறது என்றால், காதையே மூடி உட்கார்கிற ஒரு புது ஹெட்ஃபோனைக் கற்றுக்கொள்ளாதா?

அதனால்தான் அலமாரி யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே நாலு நாள் இரைச்சல் கேட்டுக்கொண்டிருப்பது ஹெட்ஃபோன். பழக வேண்டியது உங்கள் காது. அது வெளியே இருக்கிறது.

இதுவரை எந்த ஹெட்ஃபோனில் கேட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. போனோடு வந்ததோ, கடையில் இருநூறு முந்நூறுக்கு வாங்கியதோ காதுக்குள் சொருகுகிற வகையாக இருந்திருந்தால், அவற்றில் பலதில் பாஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். அதற்குப் பழகிய காதுக்கு நிதானமான ஹெட்ஃபோன் முதல் நாள் சோகையாகத்தான் தெரியும். உப்பு காரம் தூக்கலாகச் சாப்பிட்டுப் பழகியவருக்கு வீட்டுச் சாப்பாடு முதல் வாரம் சப்பென்று இருக்குமே, அது மாதிரி. ஒரு வாரம் இதையே கேளுங்கள். நடுவில் பழையதற்கு மாறாதீர்கள். அதற்குப் பிறகும் பாஸ் போதவில்லை என்றால், அது அந்த ஹெட்ஃபோனின் சுபாவம். போனில் ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற இடம்) கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

சத்தத்தின் அளவும் ஏமாற்றும். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இலேயே காட்டியது இது: மெதுவாக வைத்துக் கேட்டால் மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிடக் குறைவாகக் கேட்கும், சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவை நிரம்பி வரும். முதல் நாள் ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கும்போது மெல்ல வைத்துக் கேட்டிருப்பீர்கள். நாலாவது நாள் பகலில் இரண்டு புள்ளி கூட்டி வைத்துக் கேட்டால் ‘பாஸ் திறந்துவிட்டது’ என்றுதான் தோன்றும்.

ஹெட்ஃபோனில் கண்ணால் பார்க்கக்கூடிய அளவு மாறுகிற ஒரு பாகம் இருக்கிறது. சவ்வு இல்லை, காது மெத்தை. இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. புது மெத்தை உப்பலாக, கெட்டியாக இருக்கும். தலைப்பட்டையும் இறுக்கமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் போடப் போட உங்கள் உடம்புச் சூட்டில் மெத்தை இளகி, தாடை எலும்பு, காதுக்குப் பின்னால் இருக்கிற பள்ளம் எல்லாவற்றுக்கும் ஏற்றபடி அமுங்கும். காதுக்கும் சவ்வுக்கும் இடையே தூரம் குறையும். இடுக்கு வழியாகக் காற்று கசிவதும் குறையும். கசிவு என்றால் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். கண்ணாடிக் கம்பியோ கிருதா முடியோ மெத்தைக்கு அடியில் சிக்கினால் பாஸ் பல டெசிபல் இறங்கிவிடும். மேலே சொன்ன 0.4 எங்கே, இது எங்கே! ஹெட்ஃபோனைக் கழற்றி விரல் அகலம் முன்னே பின்னே மாற்றிப் போட்டாலே கூர்மையான ஒலிகளில் சில இடங்களில் 5 டெசிபல்கூட ஏறி இறங்கும். ஒரே ஹெட்ஃபோனை இரண்டு தடவை போட்டாலே இத்தனை வித்தியாசம் வருகிற இடத்தில், ஓட்டியதால் வந்த மாற்றத்தை எப்படித் தனியாகக் கேட்பது?

நம் ஊருக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை. சாரல் நாட்களில் காற்றே ஈரமாக இருக்கும். மெத்தையின் மேலே இருக்கிற செயற்கைத் தோல் ஈரத்திலும் வியர்வையிலும் ஊறி ஊறி, இரண்டு மூன்று வருடத்தில் கறுப்புச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். காதெல்லாம் கறுப்புத் தூள் ஒட்டும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் மாட்டி வையுங்கள். பெட்டிக்குள் பூட்டாதீர்கள். மெத்தை நைந்தால் பாஸும் சேர்ந்து போகும். அப்போது மெத்தையை மட்டும் மாற்றினால் போதும், புது ஹெட்ஃபோன் தேவையில்லை.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் நானே ஒரு முறை சோதித்தேன். கடைக்கு ஒரே மாடலில் இரண்டு ஹெட்ஃபோன் வாங்கினேன். ஒன்றைப் பெட்டியிலேயே வைத்தேன். இன்னொன்றைப் பத்து நாள் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை ஓடவிட்டேன். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றித் தலையில் மாட்டினாள், நான் ‘ஓடினது’, ‘ஓடாதது’ என்று சொன்னேன், அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். முதல் ஐந்து தடவை நான் சந்தேகமே இல்லாமல் சொன்னேன். எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கட்டை அவிழ்த்து நோட்டைப் பார்த்தால் பாதிக்குப் பாதி. தெளிவாகக் கேட்டதாகச் சொன்ன முதல் ஐந்தில் மூன்று தப்பு. அதிலும் ஒன்று, மகள் மாற்றவே இல்லை, கழற்றி அதையே திரும்பவும் மாட்டியிருக்கிறாள். காதை நம்பிப் பிழைக்கிறவன் நான். அன்றைக்குப் பிறகுதான், காது சொல்வதைக் கேட்க வேண்டும், ஆனால் எது தலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது கேட்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினேன்.

உங்களுடையது வயர் வைத்தது. ப்ளூடூத் வாங்கியவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அதில் ஓட்டிப் பழக்குவது நேராக நஷ்டம். ஒரு சார்ஜுக்கு 5 மணி நேரம் என்றால் நூறு மணி நேரத்துக்கு 20 சார்ஜ். அந்தச் சின்ன லித்தியம் பேட்டரிக்கு 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரைதான் நல்ல ஆயுள். கேட்காமலேயே 20 போய்விட்டது. மேலும் வெளிச்சத்தத்தை அடக்குகிற வகைகள் பலவற்றில் காதுப் பக்கம் பார்த்து ஒரு சின்ன மைக் இருக்கும். உள்ளே வருகிற ஒலியை அது கேட்டு, குறைந்தால் கூட்டி, கூடினால் குறைத்துச் சரிசெய்துகொண்டே இருக்கும். அதில் சவ்வு இளகினாலும் வெளியே தெரிய வழியில்லை.

ஓட்டுவதால் கெட்டது ஒன்றும் இல்லையே, ஓடட்டுமே என்று சிலர் சொல்வார்கள். கெடுதல் உண்டு தம்பி. பார்த்திருக்கிறேன்.

ஆரியங்காவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நர்சிங் படிக்கிறவள். ஹெட்ஃபோன் வாங்கிய அன்றே வலது பக்கம் ‘ர்ர்ர்’ என்று ஒரு கரகரப்பு. பாட்டில் பாஸ் வரும்போது மட்டும் வரும். வாங்கின இடத்தில் கேட்டதற்கு ‘இருநூறு மணி நேரம் ஓடணும்’ என்றார்களாம். அவளும் தினம் கேட்டுக்கொண்டே இரண்டு மாதம் பொறுத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்கும் நாள் எல்லாம் தாண்டிவிட்டது. நான் மெத்தையைக் கழற்றி, ஓட்டைகள் போட்ட மூடியை நெம்பி எடுத்து, பூதக்கண்ணாடி விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். சவ்வின் மேல் ஒரு முடி. அரை அங்குலம்கூட இருக்காது. ஒரு முனை ஓரத்தில் சிக்கி, மறுமுனை சவ்வின் நடுவில் படுத்திருந்தது. தாழ்ந்த சுரத்துக்குச் சவ்வு எழும்பும்போதெல்லாம் அது தட்டித் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியால் எடுத்தேன். கரகரப்பு அந்த நொடியே நின்றது. அவள் போட்டுக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, கண் நிறைந்துவிட்டது. இரண்டு மாதம் ‘என் காதில்தான் கோளாறோ’ என்று நினைத்திருக்கிறாள். முடி, மண், உரசுகிற காயில், பசை விட்டுப்போன ஓரம், அரைகுறையாகப் பற்றவைத்த கம்பி, இதில் எதுவுமே ஓட்டினால் சரியாகாது. சரியாகும் என்று சொல்கிறவர், தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும், வாங்கினவருடைய நாட்களைத் தின்கிறார்.

இன்னொருவர் ‘சீக்கிரம் செட் ஆகட்டும்’ என்று வீட்டு ஆம்பில் சொருகி, முழு வால்யூமில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டார். காலையில் ஒரு பக்கம் பேச்சே இல்லை. திறந்தால் கம்பியின் வார்னிஷ் கருகிய வாடை. மில்லிவாட் வாங்குகிற காயிலுக்கு வாட் கணக்கில் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

இரைச்சலைத் தலையில் மாட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்கிறவர்களும் உண்டு. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. ஹெட்ஃபோன் போனால் இன்னொன்று வாங்கலாம். மைக்செட் தொழிலில் என்னோடு இருந்த இரண்டு பேர் இன்றைக்கு எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள்.

இனி உங்கள் இடது பக்கம். முதலில் இது ஹெட்ஃபோனிலா, போனிலா, காதிலா என்று பிரிக்க வேண்டும். போனின் செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் (Accessibility) இருக்கும் இடத்தில் ‘மோனோ’ என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும். செய்தி வாசிப்பது போல ஒரு குரலை வையுங்கள், இசை வேண்டாம். கண்ணை மூடினால் குரல் தலைக்கு நடுவில், மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். இப்போது அது வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது அல்லவா? ஹெட்ஃபோனைத் திருப்பி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் போடுங்கள். குரல் சாய்கிற பக்கம் மாறிவிட்டால் கோளாறு உங்கள் காதில் இல்லை. மாறாமல் வலது பக்கமே நின்றால் உங்கள் இடது காதைத்தான் பார்க்க வேண்டும். சளியோ குறும்பியோ இருக்கலாம். இது சாரல் நேரம், ஐந்தருவியில் தலை கொடுத்துவிட்டு வந்து காதில் தண்ணீர் நின்றிருந்தாலும் இப்படித்தான் மந்தமாக இருக்கும். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். குச்சி போட்டுக் குடையாதீர்கள். தீராவிட்டால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்கம் மாறியது என்றால், அதே ஹெட்ஃபோனை அப்பாவுடைய போனிலோ லேப்டாப்பிலோ சொருகி அதே குரலைக் கேளுங்கள். ஜாக்கை முழுக்க அழுத்திச் சொருகி, ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். போனின் துளையில் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தாலும் ஒரு பக்கம் சோரும். நீங்கள் கண்ணாடி போடுகிறவரென்றால் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இடது மெத்தை சுற்றிலும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆலையிலேயே ஓர் ஓரம் பிதுங்கி வெளியே நிற்பதும் உண்டு, உள்ளே தள்ளினால் முடிந்தது வேலை. கடைசியாக, தாழ்ந்த சுரத்திலிருந்து மேலே ஏறிப்போகிற ஒலி ஒன்றை மெதுவான சத்தத்தில் ஓடவிட்டு, எங்காவது கரகரக்கிறதா என்று ஒவ்வொரு காதாகக் கவனியுங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் ஹெட்ஃபோனின் இடது பக்கம்தான் சோர்கிறது என்றால் அது பழுது. பில்லில் 7 நாள் என்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வாங்கியதற்கு இந்தச் சனிக்கிழமைதான் கடைசி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொல்லம் ரயிலில் ஏறி, கடையில் உங்கள் போனிலேயே மோனோவில் குரலைப் போட்டுக் கடைக்காரர் தலையில் மாட்டிவிடுங்கள். பிறகு திருப்பி மாட்டுங்கள். வாதாட வேண்டியதே இல்லை, அவர் காதே அவருக்குச் சொல்லும். என்னிடம் முதலில் கொண்டு வராதீர்கள். வாரண்டி இருக்கிற பொருளை நான் திறந்தால் அந்த வாரண்டி போய்விடும். அட்டைப் பெட்டி, உள்ளே இருந்த சின்னப் பிளாஸ்டிக் உறைகள், கம்பி சுற்றியிருந்த முறுக்குக் கம்பி வரைக்கும் எதையும் எறிந்திருந்தால் இப்போதே குப்பைக் கூடையில் தேடி எடுத்து வையுங்கள், மாற்றிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.